ஒரே வளாகத்தில் மூன்று தொழில்கள்: பாதுகாப்புப் பொறுப்பு யாரைச் சேரும்?

கேள்வி: தும்பாலைக்காரர், கருங்கல்

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் திங்கள்நகருக்கும் இடையில், ஒரு காலத்தில் அண்டி ஆபீஸாக (முந்திரி ஆலையாக) இயங்கிய பழைய வளாகம் ஒன்றை மூன்று பேர் தனித்தனியாக வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்தி வருகிறோம். முன்பகுதியில் முந்திரிப் பருப்பு ஆலை இருக்கிறது. அங்கே 60 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். கொட்டையை அவிக்கும் பாய்லருக்கு விறகோடு முந்திரித் தோட்டையும் போட்டு எரிக்கிறார்கள். நடுவில் உள்ள கிட்டங்கியில் (சரக்குக் கிடங்கில்) ஒருவர் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர்) வாங்கிச் சேமித்து லாரியில் ஏற்றி அனுப்புகிறார். அவரிடம் 5 பேர் இருக்கிறார்கள். பின்பகுதியில் என்னுடைய தும்பாலை, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் ஆலை. என்னிடம் 14 பேர். வளாகத்துக்கு ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மெயின் பேனல் போர்டு. கட்டட உரிமையாளர் திருவனந்தபுரத்தில் வசிக்கிறார்.

கடந்த மாசி மாதத்தில் ஒரு மாலை, என் களத்தில் குவித்திருந்த தும்புத்தூளில் (நார் எடுக்கும்போது உதிரும் தூளில்) புகை கிளம்பியது. பருப்பாலையின் புகைபோக்கியிலிருந்து பறந்து வந்த பொறிதான் காரணம் என்பது எங்கள் எல்லோருடைய ஊகம். கிணற்று நீரை இறைத்து அணைத்துவிட்டோம், யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ரப்பர் ஏற்ற வந்த லாரி ஒன்று வாசலை முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றதால், தீயணைப்பு வண்டி வந்திருந்தாலும் உள்ளே நுழைந்திருக்க முடியாது.

மறுநாள் பேச்சு எழுந்தபோது, தூளை மூடி வைக்க வேண்டியது என் வேலை என்று பருப்பாலைக்காரர் சொன்னார். லாரி தன்னுடையது அல்ல, வாங்குபவர் அனுப்பியது என்று கிட்டங்கிக்காரர் சொன்னார். உரிமையாளரோ, பாதுகாப்பு தொடர்பான எல்லாப் பொறுப்பும் வாடகைதாரரையே சாரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாகத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். சட்டத்தின் பார்வையில் இதற்கு யார் பொறுப்பு? மூவரில் சிறியவனாகிய நான் மற்ற இருவரையும் ஒரு மேசைக்கு வரவழைக்க என்ன வழி?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆய்வாளர், தக்கலை

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உரிமையாளரிடமிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் தாம் இந்தக் கணக்கிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவு உங்களுடையதைப் போன்ற வளாகங்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரு வளாகத்தின் தனித்தனிக் கட்டடங்களை வெவ்வேறு தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டவர், அணுகுபாதை, வடிகால், தண்ணீர், விளக்கு, கழிப்பிடம் போன்ற பொது வசதிகளை அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒரே கட்டடத்தின் மாடிகளையோ தனிப் பகுதிகளையோ பிரித்து விட்டிருந்தால் பொறுப்பு இன்னும் கனமானது: படிக்கட்டு, பொது நடைவழி, தீ விபத்துக்கான முன்னேற்பாடு ஆகியவற்றில் உரிமையாளரே ஆலையை நடத்துபவரைப் போலக் கருதப்பட்டார். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபின் பழைய சட்டம் விலகிவிட்டது என்றாலும், இந்தக் கருத்து புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

ஆனாலும் இந்தப் பிரிவை மட்டும் நம்பி உரிமையாளரை மடக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மின்விசையுடன் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே பழைய சட்டப்படி அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 20 ஆகவும், மின்விசை இல்லாத இடத்துக்கு 40 ஆகவும் உயர்ந்துள்ளது. எனவே உங்கள் வளாகத்தில் இன்று தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவது பருப்பாலை ஒன்றுதான். அதனால் நீங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டதாகவும் பொருள் இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் பொதுக் கடமை அதன் முதலாளிக்கு உண்டு. 14 பேரை வைத்திருக்கும் உங்களுக்கும் அது பொருந்தும். தன் பணியிடத்துக்குள் இருக்கும் எவருடைய பாதுகாப்புக்கும், அவர் அங்கே இருப்பது தனக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், முதலாளி பொறுப்பாவார் என்றும் தொகுப்பு கூறுகிறது. லாரி ஓட்டுநர், சுமை ஏற்றுபவர், கழிப்பிடத்துக்குப் போகும் வழியில் உங்கள் களத்தைக் கடக்கும் பருப்பாலைப் பெண்கள் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். 5 பேர் மட்டுமே உள்ள கிட்டங்கியின் நிலை வேறுதான். ஆனால் அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை, ஏனென்றால் பழைய கிட்டங்கியில் ரப்பர் எரிந்தால் சட்டப்பிரிவைத் தேடுவதற்குள் கூரை கீழே வந்துவிடும்.

பொறி இல்லாமல் உங்கள் தூள் எரிந்திருக்காது. தூள் இல்லாமல் பருப்பாலைக்காரருடைய பொறி தரையில் விழுந்து தானே அணைந்திருக்கும். லாரி இல்லாமலிருந்தால் இது சிறிய செய்தியாகவே முடிந்திருக்கும். இந்த ஆபத்தை மூன்றாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுக்க இயலாது. தன் கட்டுப்பாட்டில் எது இருக்கிறதோ அதற்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி. பொறியைத் தடுக்கப் புகைபோக்கியின் வாயில் கம்பிவலை பொருத்துவது அவர் கையில் இருக்கிறது; தூளை நனைத்தோ மூடியோ வைப்பதும், புகைபோக்கியிலிருந்து தள்ளிக் குவிப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. வாசலில் லாரி நிற்கலாமா என்று முடிவு செய்வது, லாரி யாருடையதானாலும், அதை வரவழைத்தவர் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தும்புத்தூள் சுடர்விடாமல் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனலும் இயல்புடையது. மேலே தண்ணீர் ஊற்றி அணைந்துவிட்டது என்று விட்டால் மறுநாள் மீண்டும் புகையும். குவியலைக் கிளறிப் பரப்பி நனைத்தீர்களா என்று தெரிவியுங்கள்.

மறுமொழி 2: சிட்னியிலிருந்து ஒரு மார்த்தாண்டத்துக்காரர்

தக்கலை ஐயா சொன்ன அதே கருத்தை இங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதால் இதைப் பகிர்கிறேன். நான் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2012 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, ஒரே விஷயத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் கடமை இருக்குமானால், அவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர்களோடு கலந்து பேசவும், ஒத்துழைக்கவும், செயல்களை ஒருங்கிணைக்கவும் வேண்டும் என்று கூறுகிறது. அதாவது விபத்தே நடக்காவிட்டாலும், பேசாமல் இருந்ததே தனிக் குற்றமாகும். கடமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று 14ஆம் பிரிவும், ஒருவருக்கு எந்த அளவுக்குக் கட்டுப்பாடும் செல்வாக்கும் இருக்கின்றனவோ அந்த அளவுக்கு அவர் கடமையை நிறைவேற்ற வேண்டும் என்று 16ஆம் பிரிவும் சொல்கின்றன. உங்கள் உரிமையாளர் தொலைபேசியில் படித்துக் காட்டிய வாசகம் இங்கே செல்லுபடியாகாது.

பிரிட்டனில் 1999ஆம் ஆண்டின் விதிகளில் 11ஆம் விதியும் ஏறக்குறைய இதையேதான் கூறுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டைச் சேர்ந்த 155ஆம் உடன்படிக்கை, ஒரே பணியிடத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ நிறுவனங்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் அவை ஒன்றுகூடிச் செயல்பட வேண்டும் என்று தன் 17ஆம் உறுப்பில் சொல்கிறது. அந்த உடன்படிக்கை 2022இல் அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

இந்தச் சட்டங்கள் கருங்கலுக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒரு பழக்கம் மட்டுமே: இங்கே புதிய ஒப்பந்தக்காரர் ஒருவர் தளத்துக்குள் கால் வைக்கும் முன், "நீ செய்யப்போகும் வேலையால் எனக்கு என்ன ஆபத்து, என் வேலையால் உனக்கு என்ன ஆபத்து" என்று இரு தரப்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதையும் காகிதக் கட்டாக மாற்றிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் இங்கே நிறைய உண்டு. அந்த வியாதியை ஊருக்கு இறக்குமதி செய்துவிடாதீர்கள்.

மறுமொழி 3: காற்றாலைப் பராமரிப்பாளர், ஆரல்வாய்மொழி

எல்லோரும் தீயைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு அந்தப் பொதுவான பேனல் போர்டுதான் கண்ணில் படுகிறது. முப்பந்தல் பகுதியில் ஒரே நிலப்பரப்பில் பல முதலாளிகளின் காற்றாலைகள் நிற்கின்றன. பராமரிப்பு ஒரு நிறுவனத்திடம், கிரேன் இன்னொருவரிடம், மின்பாதை மின்வாரியத்திடம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கும். ஒருவர் கம்பியில் கை வைத்திருக்கும்போது, அதை அறியாத மற்றொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. மின்சாரத்தைத் துண்டித்த இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார். மூன்று நிறுவனத்தார் வேலை செய்தால் மூன்று பூட்டுகள் தொங்கும். கடைசிப் பூட்டு திறக்கப்படும் வரை யாராலும் மின்சாரம் கொடுக்க இயலாது. மேலாளர் அவசரப்படுத்தினாலும், பூட்டுக்குரியவர் வந்து தம் கையால்தான் திறக்க வேண்டும். பூட்டிய பிறகும், மின்சாரம் வரவில்லை என்று சோதித்துப் பார்த்த பின்னரே கம்பியைத் தொட வேண்டும்.

உங்கள் வளாகத்தில் ஜெனரேட்டர் எத்தனை இருக்கின்றன? மூவரும் தனித்தனியாக வைத்திருந்து, சரியான மாற்றுச் சுவிட்ச் (மின்வாரிய மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுப்பது) இல்லாமல் அதே போர்டில் இணைத்திருந்தால், மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உங்களுடைய ஜெனரேட்டர் மற்றவர்களுடைய கம்பிக்கும், அதற்கும் மேலே வெளிப்பாதைக்கும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். மழைக்காலத்தில் கம்பம் ஏறும் வயர்மேனுக்கு அது உயிராபத்து. அந்த வயர்மேன் உங்கள் மூவரில் எவருடைய தொழிலாளியும் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தக்கலை ஐயா, குவியலைக் கிளறி நனைக்கவில்லை. உங்கள் பதிவைப் பார்த்த பிறகுதான் அது தெரியும். நல்வாய்ப்பாக அடுத்த நாளே தூளை ஏற்றி அனுப்பிவிட்டோம். ஜெனரேட்டர் இரண்டு இருக்கின்றன, என்னுடையதும் பருப்பாலையுடையதும். மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பருப்பாலைக்காரரிடம் உங்கள் கருத்துகளைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர், ஆனால் ஒரு தயக்கம் அவரைப் பிடித்திருக்கிறது. பொறியைத் தடுக்கும் பொறுப்பு தம்முடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், நாளை ஏதேனும் நடக்கும்போது அந்தத் தாளே தமக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று அஞ்சுகிறார். எழுதாமல் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வதே அனைவருக்கும் பாதுகாப்பு என்பது அவர் வாதம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த அச்சம் கொஞ்சம் தொற்றிக்கொண்டது.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற ஆய்வாளர், தக்கலை

இந்த அச்சத்தைப் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். நேர்மையான அச்சம்தான், ஆனால் திசை தவறியது. விபத்துக்குப் பின் விசாரணை அலுவலர் முதலில் கேட்பது, "இந்த ஆபத்து உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்பதுதான். மாசி மாதம் நடந்தது மூவருக்கும் தெரியும். வளாகத்தில் வேலை செய்யும் 79 பேருக்கு மேற்பட்டோர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இனிமேல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த கேள்வி, "தெரிந்த பின் என்ன செய்தீர்கள்?" என்பதாக இருக்கும். அதற்குக் காட்ட ஒரு தாளும் இல்லாதவரின் நிலைதான் மோசமானது. எழுதி வைத்து, எழுதியபடி நடந்தவருக்கு அந்தத் தாள் அரண். எழுதிவிட்டு நடக்காதவருக்கு அது எதிரிதான், அதை மறுக்கவில்லை. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தீயையும் எரியும் பொருளையும் கவனக்குறைவாகக் கையாள்வதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இவை தொழிலாளர் எண்ணிக்கையைப் பார்த்து வருபவை அல்ல என்பதால், 5 பேரை மட்டும் வைத்திருக்கும் கிட்டங்கிக்காரரும் இதைப் படிப்பது நல்லது.

தாளில் என்ன எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். "தீத்தடுப்புக்கு இன்னார் பொறுப்பு" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மற்ற இருவரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள், அவர்களுடைய கடமையோ அப்படியே நிற்கும். யார், எந்த வேலையை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை செய்வார், அது நடந்ததை வேறு யார் பார்ப்பார் என்று மட்டும் எழுதுங்கள். புகைபோக்கிக் கம்பிவலையைப் பருப்பாலை சுத்தம் செய்யும், நீங்கள் பார்ப்பீர்கள். தூள் குவியலை நீங்கள் மூடுவீர்கள், கிட்டங்கிக்காரர் பார்ப்பார். வாசல் காலியாக இருக்கிறதா என்பதைப் பருப்பாலையின் வாசற்காவலர் பார்ப்பார். ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பதில் முதலில் சற்று மனக்கசப்பு வரத்தான் செய்யும். அதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் முட்டும். பொதுவானவற்றின் செலவை ஆள் கணக்கில் பிரித்தால் பருப்பாலையே பெரும்பங்கைச் சுமக்க நேரிடும், அவர் முறுக்கிக்கொள்வார். ஆபத்தின் மூலம் யாரிடம் இருக்கிறதோ அதற்கான செலவு அவருடையதாகவும், கிணற்று மோட்டார், தண்ணீர்க் குழாய், வாசல் விளக்கு போன்ற பொதுச் செலவுகள் மூவருக்கும் சமமாகவும், கட்டடத்தோடு ஒட்டியவை உரிமையாளருடையதாகவும் இருப்பதே நான் கண்டவற்றில் சண்டை குறைந்த ஏற்பாடு. உரிமையாளருக்கு மூவரும் ஒன்றாகக் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஒருவர் எழுதினால் அது வாடகைதாரரின் புலம்பலாகத் தெரியும். மூவர் எழுதினால் அவர் வழக்கறிஞரிடம் காட்டுவார், வழக்கறிஞர் அவருக்கு நிலைமையை விளக்குவார்.

மறுமொழி 5: மீன் பதப்படுத்தும் கூடத்தின் மேற்பார்வையாளர், குளச்சல்

ஐயா எழுதியவற்றில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. மூன்று முதலாளிகளும் உட்கார்ந்து பேசுவதைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்பவர்களிடம் யார் சொல்வது?

நாங்கள் வேலை செய்யும் கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் ஆலை இருக்கிறது. அங்கே அம்மோனியா கசிந்தால் சைரன் ஒலிக்கும். அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று அவர்களுடைய ஆள்களுக்குத் தெரியும், எங்கள் பெண்களுக்குத் தெரியாது. ஒரு முறை சைரன் கேட்டபோது, ஷிப்ட் முடிந்துவிட்டதோ என்று எண்ணிச் சிலர் வாசலுக்கு, அதாவது ஐஸ் ஆலை இருக்கும் பக்கத்துக்கே, போனார்கள். அன்று நடந்தது வெறும் சோதனை ஒலி என்பதால் தப்பித்தோம். அதன் பிறகு இரு முதலாளிகளும் பேசி, சைரன் ஒலித்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேற வேண்டும், கண்ணும் தொண்டையும் எரிந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கூடத்திலேயே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, கூரைமேல் ஒரு துணிக் கொடியும் கட்டினார்கள்.

உங்கள் வளாகத்தில் தீப்பிடித்தால் ரப்பர் புகை கறுப்பாகத் திரண்டு, ஒரே வாசல் இருக்கும் பக்கமே போகக்கூடும். பருப்பு உடைக்கும் அக்காமார் தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்காமல் இருக்கச் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டிருப்பார்கள், எழுந்து ஓடச் சற்று நேரம் பிடிக்கும். பின்பக்க மதிலில் இரண்டாவது வழி ஒன்று திறக்க முடியுமா என்று பாருங்கள். அந்த மதில் உங்கள் களத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த வழியில் கதம்பையையும் (தேங்காய் மட்டையையும்) தும்புக் கட்டுகளையும் அடுக்காமல் வைத்திருக்க வேண்டியது நீங்கள்தான், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவருடைய தொழிலாளர்களாக இருந்தாலும்.

கேள்வி கேட்டவர்

அக்கா, மதில் என் களத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே முன்பு ஒரு சிறு கதவு இருந்து, பின்னர் கல்லும் சாந்தும் வைத்து அடைத்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் குர்பானா வழிபாடு முடிந்ததும் பருப்பாலையின் அலுவலக அறையில் கூடுவதாக மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கிட்டங்கிக்காரர் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: சரக்கு வாங்குபவர்கள் அனுப்பும் லாரிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தும்படி தாம் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பதால், வாசலிலேயே மூவரின் பெயரிலும் பலகை வைக்க வேண்டுமாம். அதில் எனக்கு மறுப்பில்லை. கதவைத் திறக்க உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி தேவையா, அல்லது தகவல் தெரிவித்தால் போதுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 6: ஓய்வுபெற்ற ஆய்வாளர், தக்கலை

கட்டுமானத்தில் கை வைப்பதால் எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். மூவரின் கடிதத்திலேயே அதையும் சேர்த்து, பதில் தர ஒரு தேதியைக் குறிப்பிடுங்கள். பருப்பாலை பதிவு பெற்ற தொழிற்சாலை என்பதால், அதன் வரைபடத்தில் மாற்றம் வரும்போது இயக்ககத்தின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். விண்ணப்பத்தைப் பருப்பாலைக்காரர் பெயரில் போடுவதே முறை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வேலை நேரத்தில் அதற்குப் பூட்டுப் போடக் கூடாது. இரவில் திருட்டுப் பயம் என்று யாராவது சொன்னால், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடிய தாழ்ப்பாளைப் பொருத்துங்கள்.